அந்தரத்தில் ஒரு ஜம்ப்

அடி விழுந்த மறுநொடியே ஜெயக்கொடியின் கட்டைவிரல் பட்டனை அமுக்கிவிடுகிறது. டிவியில் அவளுடைய காண்டாமிருகம் மேடையைவிட்டு வெளியே பறந்துகொண்டிருக்கிறது. இன்னும் விழவே தொடங்கவில்லை. அதற்குள் காலை உதறி அந்தரத்தில் ஒரு தாவு தாவுகிறது. அதனால் காலணா பிரயோஜனம் இல்லை. தாவின வேகம் தீர்ந்த பிறகுதான் அது நிஜமாக விழ ஆரம்பிக்கிறது. அப்போது அவள் பட்டனை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறாள். காண்டாமிருகம் கையைக் காலை விரித்தபடி திரைக்குக் கீழே போய் மறைகிறது.

"போச்சா?" என்கிறாள்.

"போச்சுக்கா. மறுபடியும் சீக்கிரம் அமுக்கிட்டீங்க," என்கிறான் விக்கி.

"இன்னாமோ போ. பட்டன் சரியில்ல."

பட்டன் சரியாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து வைப்பவளே அவள்தான்.

ஜெயக்கொடி வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர். வயது ஐம்பத்து நான்கு. படப்பையில் பஸ் ஏறி, தாம்பரத்தில் மாறி, பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்னால் இருக்கும் தெருவுக்குக் காலை எட்டுக்கெல்லாம் வந்துவிடுவாள். அகலமான தோள், மெலிந்த கால். ரவிக்கைக் கழுத்தில் இரண்டு ஊக்கும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும் எப்போதும் இருக்கும். வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். சாப்பாடு நின்றுகொண்டே. டீயை ஆடை படிந்து ஜில்லென்று ஆகும்வரை தொடமாட்டாள். இத்தனை வருஷத்தில் சூடான டீயைக் கையில் எடுத்தபோதெல்லாம் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். இப்போது சூடாகக் கொடுத்தால் நாக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அவள் பார்த்துக்கொள்ளும் விக்கிக்கு இருபத்து மூன்று வயது. போன வருஷம் வண்டலூர் பக்கத்தில் பைக் சறுக்கி முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கையும் வாயும் முன்பைவிட வேகம். அவனுடைய அப்பா தசரதனுக்கு அந்தத் தெருவில் வாடகைக்கு விட்ட போர்ஷன்கள் வரிசையாக இருக்கின்றன. மகனுக்கு எதுவும் குறையக்கூடாது என்று அறைக்குள் ஏசி, சுவரளவு டிவி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் கொண்டுவந்து இறக்கினார். வாசலில் வீல்சேர் இறங்குவதற்கு டைல்ஸ் ஒட்டிய சரிவு ஒன்றும் கட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் தவிர விக்கி அந்தச் சரிவில் இறங்கியதில்லை. அவனுடைய அம்மா சாமுண்டீஸ்வரி அதில் மிளகாய் காயவைக்கிறாள்.

ஜெயக்கொடிக்கு இது பிடிக்கவில்லை. "ரூமுக்குள்ளயே எல்லாம் வந்துச்சின்னா, காலு நல்லா கீறவனே வெளில போவமாட்டான்," என்று சாமுண்டீஸ்வரியிடம் நேராகவே சொன்னாள். "நான் பாத்துகினுதானே இருக்கேன். மொதல்ல தெரு வேணாம்பாங்க. அப்பால ஹால் வேணாம்பாங்க. கடைசில செவுத்தப் பாத்துகினு படுத்துப்பாங்க."

"அவனே வரேன்னு சொல்லணுமேக்கா. கட்டாயப்படுத்தினா கத்தறான்," என்றாள் சாமுண்டீஸ்வரி.

கத்துவது உண்மைதான். தெரு முனையில் அவனுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் மொஹ்சின் பைக் சீட் கவர் கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் தினம் சாயங்காலம் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இன்டர்நெட் வழியாக இதே விளையாட்டை ஆடுகிறார்கள். ஒருவனை ஒருவன் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்கிறார்கள். நடுவில் இருப்பது ஆறு வீடு. மொஹ்சின் கேட் வரை வந்து நின்றால் மட்டும், "தூங்கறேன்னு சொல்லிடுங்கக்கா," என்று போர்வையை இழுத்துக்கொள்கிறான் விக்கி. நின்றுகொண்டிருப்பவன், வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் தன்னைப் பார்க்க வேண்டாம் என்பது அவன் எண்ணம். இதை அவன் வாயால் சொன்னதில்லை. ஜெயக்கொடி எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி விட்டிருக்கிறாள்; சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

அவள் விடவில்லை. முதுகைத் துடைக்கும்போதும், குதிகாலில் புண் வருகிறதா என்று புரட்டிப் பார்க்கும்போதும், "முனை வரைக்கும் போய்ட்டு வந்துடலாமா தம்பி?" என்று ஒரே கேள்வி. ஒரு நாள் அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சரி. என்னை இந்த கேம்ல ஒரு தடவை ஜெயிங்க. மொஹ்சின் கடை வரைக்கும் வரேன். அதுவரைக்கும் இந்தப் பேச்சை எடுக்காதீங்க."

வாயை அடைப்பதற்காகச் சொன்னான். அவள் ஈரத்துணியைப் பக்கெட்டில் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"எந்த பட்டன் இன்னா பண்ணும், சொல்லு."

ஆட்டம் இதுதான். வெட்டவெளியில் ஒரு மேடை தொங்குகிறது. அதன்மேல் இரண்டு உருவங்கள் அடித்துக்கொள்கின்றன. அடி விழ விழ, திரைக்கு அடியில் ஒரு எண் ஏறுகிறது. எண் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு தூரம் அடுத்த அடிக்குப் பறக்க நேரிடும். மேடைக்கு வெளியே பறந்தவன் திரும்பி வந்து ஏற வேண்டும். வர முடியாமல் கீழே போனால் ஓர் உயிர் போயிற்று. ஆளுக்கு மூன்று உயிர். அந்த எண்ணுக்கு ஜெயக்கொடி முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்: ப்ரெஷர். "எனுக்கு நூத்தி இருவது ஆயிடிச்சி. இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்."

உருவங்களில் அவள் தேர்ந்தெடுத்தது காண்டாமிருகம். "வெயிட்டான ஆளுங்கதான் எனுக்குப் பழக்கம்." விக்கியுடையது ஒல்லியான தவளை. வவ்வால் ஒன்றும் உண்டு. அது மட்டும் அந்தரத்தில் நாலைந்து முறை எம்பும். அதை எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, "வேணாம்கா, அது காத்து மாதிரி. ஒரு தட்டு தட்டினா காணாமப் போயிடும்," என்றான். மறுநாள் பிடிவாதமாக எடுத்துப் பார்த்தாள். ஒரு தட்டில் காணாமல் போயிற்று. பிறகு காண்டாமிருகத்தை மாற்றவில்லை.

பந்தயத்துக்கு அவள் பங்குக்கு ஒரு நிபந்தனை வைத்தாள். "விட்டுக் குடுத்தா செல்லாது. எனுக்குத் தெரிஞ்சிச்சின்னு வெச்சிக்கோ, ஆட்டம் கேன்சலு."

சேலையூரில் ஒரு ரிட்டயர்ட் குமாஸ்தாவைப் பார்த்துக்கொண்டபோது கேரம் ஆடுவது வழக்கம். ஒரு நாள் பாவமே என்று சிவப்புக் காயை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். பெரியவர் கண்டுபிடித்துவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் ராத்திரி சாப்பாட்டையும் தொடவில்லை. படுக்கையில் கிடப்பவர்களுக்கு எல்லாம் குறைந்திருக்கும், சந்தேகம் மட்டும் கூடியிருக்கும். அதிலிருந்து அவள் யாரிடமும் வேண்டுமென்று தோற்பதில்லை. யாரும் தன்னிடம் தோற்பதையும் ஒப்புக்கொள்வதில்லை.

விக்கிக்கு விட்டுக்கொடுக்கும் உத்தேசமும் இருக்கவில்லை. முதல் வாரம் தலையணையில் சாய்ந்துகொண்டு ஒரு கையால் முறுக்குத் தின்றபடியே ஜெயித்தான். அவள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித் தோற்றாள். அதைப் பார்க்க அவனுக்கே சலித்துப்போய், ஆட்டத்தை நிறுத்திவைத்து விளக்கம் சொன்னான்.

"பாருங்கக்கா. தரையில நிக்கறப்ப ஒரு ஜம்ப். அது போக, காத்துல இருக்கறப்ப இன்னொண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். அதைப் போட்டுட்டா, கால் மறுபடி மேடைல படணும், இல்ல மேடை ஓரத்தைக் கையால புடிக்கணும். அப்பதான் திரும்பக் கிடைக்கும். நடுவுல அடி வாங்கினாலும் வராது."

"இரு. காத்துல இன்னாத்த மிதிச்சிகினு எம்புது அது?"

"எதையும் மிதிக்கல."

"மிதிக்காம எப்பிடி எம்பும்?"

"கேம்ல எம்பும்."

ஜெயக்கொடி ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஓர் ஆளைத் தூக்க வேண்டுமென்றால் அவள் முதலில் தன் பாதத்தைப் பார்ப்பாள். தரை வழுக்கினால் தூக்கமாட்டாள். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாதபோது உடம்பு மேலே போகும் என்பது அவளுடைய இருபது வருஷ அனுபவத்துக்கு விரோதமாக இருந்தது. "சும்மா கதை உடாத," என்றாள். ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நீங்க எவ்ளோ வேகமா விழுந்துட்டிருந்தாலும் சரி, அதை அமுக்கினதும் அந்த வேகம் பூரா ஜீரோ. அந்த இடத்துலேருந்து புதுசா மேல போவீங்க. திசையையும் மாத்திக்கலாம். அதனால மேலேயே அமுக்கிட்டா வேஸ்ட். நல்லா கீழ வந்ததும் அமுக்கணும். நீங்க எப்ப அமுக்குவீங்கன்னு தெரியாம எதிராளி முழிக்கணும். நீங்க முன்னாடியே போட்டுடறீங்க. நான் வெயிட் பண்ணிட்டு வந்து ஒரு எத்து எத்தறேன். முடிஞ்சுது."

"உழறப்போ கைய கட்டிகினு பாத்துகினு இருக்கச் சொல்ற."

"ஆமா."

"அது என்னால ஆவாது தம்பி."

ஆகாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய பிழைப்பே விழுவதை முதல் அசைவில் கண்டுபிடிப்பதுதான். பாத்ரூம் ஈரத்தில் ஒரு கிழவர் தடுமாறினால், தோள் சாயும் அந்தக் கணத்திலேயே இடுப்பில் கை கொடுத்து, தன் தொடைமேல் சரியவிட்டு, மெல்லத் தரையில் உட்காரவைக்க வேண்டும். பாதி விழுந்த பிறகு பிடித்தால் இரண்டு பேருக்கும் எலும்பு போகும். பயிற்சியில் சொன்னதும் அதுதான், பின்னால் பட்டுத் தெரிந்துகொண்டதும் அதுதான். அவள் கை யோசித்து நீளுவதில்லை. சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்து கரண்டி நழுவினாலும் ஜெயக்கொடியின் கைதான் முதலில் போகும். திரையில் காண்டாமிருகம் பறந்தபோதும் அதே கைதான் முந்திக்கொண்டது.

விக்கி இதைக் கண்டுபிடித்துவிட்டு விடாமல் சீண்டினான். "உங்க காண்டாமிருகம் என்ன பேஷண்ட்டாக்கா? டயப்பர் மாத்திட்டு வாங்க, வெயிட் பண்றேன்."

"உன் வாய்க்கு ஒரு டயப்பர் போடணும் மொதல்ல."

ஹெட்செட்டில் மொஹ்சினும் இருந்தான். அவன் குரல் லேசாக வெளியே கேட்டது. "மச்சான், அக்காவ எங்கிட்ட அனுப்பு, நான் ட்ரெய்னிங் குடுக்கறேன்."

"இதோ அடுத்த வாரம் நானே இவன இட்டுகினு வரேன், அங்க வெச்சிக் குடு," என்று அவள் மைக் பக்கம் குனிந்து சொன்னாள். விக்கி சட்டென்று ஹெட்செட்டைக் கழற்றிவிட்டான். அன்றைக்கு அதற்குமேல் ஆடவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ஒரு மணி நேரம் தூங்குவான். அந்த நேரத்தில் ஜெயக்கொடி வழக்கமாகத் துணி மடிப்பாள். அந்த வாரத்திலிருந்து டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து பழகினாள். எதிராளி இல்லை, அடி இல்லை. காண்டாமிருகத்தை மேடை ஓரத்துக்கு நடத்திக்கொண்டுபோய், தாவாமல் அப்படியே கீழே இறங்கவிடுவாள். அது விழும். கட்டைவிரலைப் பட்டனிலிருந்து எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வாள். மேடைக்கு அடியில் வேர்போலத் தொங்கும் பாறை ஒன்று இருக்கிறது. காண்டாமிருகத்தின் கொம்பு அந்தப் பாறையின் நுனியைத் தாண்டும்போது விரலைப் பிரித்து அமுக்குவாள். பெரும்பாலும் பிந்திவிடும். சில சமயம் அந்தப் பெரிய உடம்பு விழுந்த வேகமெல்லாம் எங்கே போனதென்று தெரியாமல் ஒரு கணம் நின்று, மேலே எம்பி, ஓரத்தைக் கையால் பற்றிக்கொள்ளும். அந்தப் பற்றுதல் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. கக்கூஸ் சுவரில் கம்பி அடித்து வைத்த மாதிரி, நம்பத்தக்க காரியம்.

ஒரு மத்தியானம் சாமுண்டீஸ்வரி மோர் கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னக்கா, அவன் தூங்கறான், நீங்க தனியா விளையாடறீங்க?"

"டூட்டிம்மா," என்றாள் ஜெயக்கொடி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விக்கி தூங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தான். அங்கிருந்த கண்ணாடி அலமாரியில் டிவி இடம் வலம் மாறித் தெரிந்தது. காண்டாமிருகம் ஓரத்துக்குப் போவதும், விழுவதும், மறைவதும், மறுபடி மேடையில் வந்து நிற்பதும், மறுபடி ஓரத்துக்குப் போவதுமாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் பற்றி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. சீண்டுவது மட்டும் நின்றது. முறுக்கை வைத்துவிட்டு இரண்டு கையாலும் ஆட ஆரம்பித்தான்.

அவள் தோற்பது தொடர்ந்தது. ஆனால் தோற்க நேரம் பிடித்தது. காண்டாமிருகம் வெளியே பறக்கும். தவளை ஓரத்தில் வந்து நின்று அதன் தாவலுக்காகக் காத்திருக்கும். தாவல் வராது. "அமுக்குங்கக்கா," என்று விக்கியே சொல்லுவான். "மாட்டேன்," என்பாள். தவளை பொறுமையிழந்து குதித்துப் பாயும். அதன் உதை வெற்றிடத்தில் விழும். காண்டாமிருகம் அதற்கும் கீழே போய், அங்கிருந்து எம்பி வரும். ஒரு முறை அப்படி வந்தபோது அவள் மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். அவளுக்கு அது கைதட்டலுக்குச் சமம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்து, பெய்யாமலே விலகியது. சாமுண்டீஸ்வரி கரண்ட் போகும் என்று சீக்கிரமே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மொஹ்சின் ஹெட்செட்டில் இல்லை, கடையில் வேலை. விக்கியும் ஜெயக்கொடியும் மட்டும். இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். அவளுக்கு அதுவரை அப்படி நேர்ந்ததில்லை.

"ப்ரெஷர் எவ்ளோ எனுக்கு?"

"நூத்தி நாப்பது. ஒரு அடி போதும்."

அந்த ஓர் அடி விழுந்தது. காண்டாமிருகம் இடதுபுறம் வெகுதூரம் பறந்தது. ஜெயக்கொடி விரலை மடக்கிக்கொண்டாள். தவளை ஓரத்துக்கு வந்தது, காத்திருந்தது, பாய்ந்தது. உதை பட்டிருக்க வேண்டும். காண்டாமிருகம் அதற்குள் கீழே போயிருந்தது. பாறை நுனியும் தாண்டியது. அதற்கும் கீழே, இதுவரை அவள் விடாத ஆழத்துக்குப் போனது. அப்போது விரலைப் பிரித்தாள். ஒரே அமுக்கு.

அது ஏறிவந்து ஓரத்தைப் பற்றியது.

"அடேங்கப்பா," என்றான் விக்கி, மெதுவாக. தலையணையிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்திருந்தான். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் தானாக நிமிர்ந்து உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. அதை மனசில் குறித்துக்கொள்ள அவளுக்கு அவகாசம் இல்லை.

தவளை மேடைக்குத் திரும்பிக் கால் ஊன்றிய இடத்தில் காண்டாமிருகத்தின் கொம்பு போய் இடித்தது. நல்ல இடி. தவளை வலதுபுறம் பறந்தது. ஜெயக்கொடிக்கு இப்போது கணக்குத் தெரியும். தரையில் நின்றபோது அடி வாங்கியவன், அந்தரத்து ஜம்ப் அப்படியே கையில் இருக்கிறது. ரொம்பத் தூரமும் இல்லை. இறங்க இறங்கத் தள்ளிக்கொண்டு வந்து, பாறைக்குப் பக்கத்தில் ஒரு எம்பு எம்பினால் ஏறிவிடுவான். இதைவிட மோசமான இடத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஏறியவன். அவள் காண்டாமிருகத்தை ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, அவன் ஜம்ப்புக்காகக் காத்தாள்.

தவளை பாறைக்கு நேராக வந்தது. நுனியைத் தாண்டியது. ஜெயக்கொடியின் பார்வை திரையிலிருந்து அவன் கைக்குப் போனது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. வழுக்கவில்லை, நடுங்கவில்லை. சும்மா இருந்தது.

தவளை கீழே போய் மறைந்தது.

"போச்சு," என்றான் விக்கி. "ஜெயிச்சிட்டீங்க."

கேன்சல் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

"யாரு ஜெயிச்சது?" என்று சாமுண்டீஸ்வரி தோசைக் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஜெயாக்காதான்மா. என்னோட அந்த நீலச் சட்டை எங்க வெச்சிருக்க?"

சாமுண்டீஸ்வரி மகனைப் பார்த்தாள், ஜெயக்கொடியைப் பார்த்தாள். அடுப்பில் தோசை கருகும் வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கடைசி உயிர் போன விதத்தை மெதுவாக மறுபடி ஓட்டிக்காட்டுவது அந்த விளையாட்டின் வழக்கம். திரையில் கொம்பு நிதானமாக வந்து இடித்தது. தவளை நிதானமாகப் பறந்தது. விழும்போது அதன் ஒவ்வொரு அசைவும் தெரியும். எம்பியதா, எம்பவில்லையா என்பதும் தெரியும். விக்கி திரையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெயக்கொடி போர்வைக்கடியில் துழாவி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.